குடமும் சப்ஊஃபரும்: காரில் தாழ்ஒலியைச் சீர்செய்தல்

நெல்லைச் சீமையின் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, பந்தலின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டின் நடை நெஞ்சுக்கூட்டில் வந்து படுவதற்குக் காரணம் வீசுகோல் படும் நாணோ வில்லில் தொங்கும் மணிகளோ அல்ல, வில்லோடு சேர்த்துக் கட்டப்பட்ட மண்குடமே. கமுகம் பாளையால் செய்த பத்தியைக் கொண்டு குடத்தின் வாயில் அடிக்கும்போது வயிற்றில் அடைபட்ட காற்று நசுங்கி மீள்கிறது. அந்த மீட்சி கழுத்தில் நிற்கும் காற்றை முன்னும் பின்னும் தள்ள, குடத்தின் கொள்ளளவும் வாயின் அகலமும் கழுத்தின் நீளமும் சேர்ந்து தீர்மானிக்கும் ஓர் அதிர்வெண்ணில் முழக்கம் எழுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த இயக்கத்தை ஆராய்ந்து விளக்கியதால் அவர் பெயராலேயே இது வழங்கப்படுகிறது. திருநெல்வேலியின் கார் அக்சசரீஸ் கடைகளில் டிக்கிக்குள் பொருத்தித் தரப்படும், குழாய்த் துளை வைத்த சப்ஊஃபர் பெட்டியும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

விதி ஒன்றேயானாலும் இரண்டும் எழுப்பும் ஒலி ஒன்றல்ல. ஏறத்தாழ 15 லிட்டர் கொள்ளும், வாய் 12 சென்டிமீட்டர் அகலமுள்ள குடத்துக்குக் கணக்கிட்டால் முழக்கம் நொடிக்கு 140 அதிர்வுகள், அதாவது 140 ஹெர்ட்ஸ் அளவில் விழுகிறது. 50 லிட்டர் பெட்டியில் 10 சென்டிமீட்டர் விட்டமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாயைப் பொருத்தினாலோ அது 36 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இன்றைய திரைப்பாடல்களில் கணினியால் உருவாக்கப்படும் கிக் டிரம்மின் அடிநாதம் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. ஆண்குரலின் அடித்தளம் 100 ஹெர்ட்ஸ் அளவில்தான் தொடங்குகிறது. ஆகவே பொதுப்பேச்சில் ‘பேஸ்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுவது உண்மையில் இரண்டு பகுதிகளாகும்: காதைவிட உடல் அதிகம் உணரும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான பகுதி ஒன்று, குடமும் தவிலின் தொப்பியும் ஆண்குரலும் குடியிருக்கும் மேற்பகுதி மற்றொன்று. சப்ஊஃபர் முதல் பகுதிக்காக மட்டுமே செய்யப்பட்டது. அதை இயக்கும் ஆம்பிளிஃபயரின் பக்கவாட்டில் உள்ள திருகுகள் பலவும் இந்த எல்லையைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டிருக்க, அவற்றைத் தொடாமல் வாட் எண்ணிக்கையை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும் வழக்கம் பரவலாக இருப்பது வருந்தத்தக்கது.

தாழ்ஒலிக்குக் கார் இயல்பிலேயே சாதகமான இடம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்வதால் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை ஏறக்குறைய 8.6 மீட்டர் நீளம் கொண்டது. காரின் உட்புறமோ மூன்று மீட்டரைத் தாண்டுவது அரிது. அலை முழுதாக விரிய இடமில்லாத இத்தகைய சிறு கூட்டுக்குள் ஸ்பீக்கரின் கோன் முன்னோக்கி நகரும்போது உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒருங்கே அழுத்தப்படுகிறது. இதனால் சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிர்வெண் குறையக் குறைய ஒலி தானாகவே வலுப்பெறுகிறது. வீட்டுக் கூடத்தில் பெரிய பெட்டியாலும் பெற முடியாத ஆழ்ந்த ஒலி ஒரு சிறிய ஹேட்ச்பேக்கின் டிக்கியில் பத்து அங்குல ஸ்பீக்கரால் கிடைத்துவிடுவதன் காரணம் இதுவே. அதே காரணத்தால், திறந்த கூடத்துக்குப் பொருந்தும் அளவுகளைக் காரில் அப்படியே வைத்தால் ஒலி மந்தமாக உருண்டு போகும். இந்தியத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த ஒலிப் பொறியாளர் அமர் போஸ், 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்து, குறிப்பிட்ட கார் மாடலின் உட்புறத்துக்கென்றே ஒலியமைப்பை வடிவமைத்து விற்றதன் அடிப்படையும் இந்த உண்மைதான்: இருக்கை எங்கே, கண்ணாடி எங்கே என்று முன்கூட்டியே தெரிந்த அறை கார் ஒன்றே.

ஃபில்டர் எனப்படும் வடிப்பானின் வேலையைத் தாமிரபரணியின் அணைக்கட்டுகளைக் கொண்டு எளிதில் விளக்கலாம். கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் குறுக்கே நிற்கும் எட்டு அணைக்கட்டுகளும் நீரை முற்றாக நிறுத்துபவை அல்ல. ஒரு பகுதியைக் கால்வாய்க்குத் திருப்பி, எஞ்சியதைத் தலைமேல் வழியவிடுபவை. ஆம்பிளிஃபயரில் எல்பிஎஃப் என்று குறிக்கப்படும் லோ பாஸ் ஃபில்டர் குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ளதைச் சப்ஊஃபருக்கு விடுகிறது. எச்பிஎஃப் எனப்படும் ஹை பாஸ் ஃபில்டர் அதற்கு மேலுள்ளதைக் கதவு ஸ்பீக்கர்களுக்கு விடுகிறது. திருகு 80-இல் நிற்கிறது என்பதற்காக 81 ஹெர்ட்ஸ் ஒலி சப்ஊஃபரை எட்டாது என்று பொருள் இல்லை. எல்லையைத் தாண்டிய ஒலி எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதைச் சரிவு காட்டுகிறது. அதிர்வெண் இருமடங்காகும் ஒவ்வொரு இடைவெளியும் ஓர் ஆக்டேவ் ஆதலால், ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவு கொண்ட வடிப்பான் 80-இல் வெட்டினால் 160 ஹெர்ட்ஸ் ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகக் குறைந்து இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும், 24 டெசிபல் சரிவில் அது ஏறத்தாழ இருநூற்றைம்பதில் ஒரு பங்காகி மறையும்.

இந்த வேறுபாட்டின் விளைவைக் காதாலேயே அறியலாம். வடிப்பானை 150 ஹெர்ட்ஸ் வரை ஏற்றி வைத்த காரில் வில்லுப்பாட்டு ஒலிப்பதிவைப் போட்டால் புலவர் முன்னால் பாட, அவருடைய குடம் மட்டும் டிக்கிக்குள் கிடந்து முழங்கும். ஆண் பாடகர் கீழ்ஸ்தாயிக்கு இறங்கும் இடத்தில் குரலின் பாதி பின்னிருக்கைக்குப் பின்னால் போய்விடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு எளிதில் பிடிபடாது என்பதால், அவ்வெல்லைக்குள் அடங்கிய சப்ஊஃபர் பின்னால் இருந்தாலும் இசை முழுவதும் முன்கண்ணாடியின் பக்கத்திலிருந்தே வருவதாகத் தோன்றும். ஆகவே 80 என்பது தொடங்குவதற்கு ஏற்ற எண். கதவு ஸ்பீக்கர்கள் சிறியனவாகவும் கதவுத் தகடு அதிர்வதாகவும் இருந்தால் இரு வடிப்பான்களையும் 90, 100 என்று சற்று ஏற்றிக்கொள்வதும், நல்ல ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள் இருந்தால் 65, 70 என்று இறக்கிக்கொள்வதும் பொருந்தும். பலரும் மறந்துவிடுவது எச்பிஎஃப் பக்கத்தைத்தான்: சப்ஊஃபரை வாங்கி மாட்டிவிட்டுக் கதவு ஸ்பீக்கர்களுக்கு 40 ஹெர்ட்ஸையும் தொடர்ந்து ஊட்டிக்கொண்டிருந்தால் அவை தம்மால் இயலாத வேலையில் திணறிக் குரலையும் கெடுக்கின்றன.

இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் வெட்டினாலும் எல்லையில் ஒலி பொருந்தாமல் போவதுண்டு. வடிப்பான் ஒவ்வொன்றும் தான் கடத்தும் அலையைச் சிறிது காலம் தாழ்த்துகிறது. ஒருபுறம் அலை மேலேறும் நேரத்தில் மறுபுறம் கீழிறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, எல்லையை ஒட்டிய அதிர்வெண்களில் ஒரு பள்ளம் விழுகிறது. ஹ்யூலட்-பேக்கார்டில் பணியாற்றிய சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் உருவாக்க, லிங்க்விட்ஸ் 1976-இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்த வடிப்பான் அமைப்பில், எல்லைப் புள்ளியில் இரு பக்கமும் 6 டெசிபல் குறைந்து நின்று, கூடும்போது சமதளமாகின்றன. ஹெட் யூனிட் எனப்படும் இன்றைய டிஜிட்டல் கார் ஸ்டீரியோக்களிலும் ஒலிச் செயலிகளிலும் அவர்கள் பெயரிலேயே இத்தேர்வு காணப்படுகிறது. காரிலோ கணக்கு இன்னும் ஒரு படி சிக்கலாகிறது, ஏனெனில் டிக்கியிலிருந்து ஓட்டுநரின் காதுக்குள்ள தொலைவு கதவிலிருந்து உள்ளதைவிட ஒரு மீட்டர் கூடுதலாக இருந்தாலே 80 ஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்டக் கால் சுற்றுப் பின்தங்கிவிடும். ஆம்பிளிஃபயரில் 0, 180 என்று குறித்த ஃபேஸ் பொத்தான் இதற்காகவே உள்ளது. இருக்கையில் உதவியாளர் ஒருவரை அமரவைத்து, எல்லை அதிர்வெண்ணை ஒட்டிய சோதனை ஒலியை ஓடவிட்டு, பொத்தானை இரு பக்கமும் மாற்றிப் பார்த்து, எந்நிலையில் ஒலி கூடுகிறதோ அதை வைத்துக்கொள்வதே இதில் செய்யத்தக்கது. இதற்கு ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாது.

துளையுள்ள பெட்டிகளுக்கு இன்னொரு வடிப்பான் இன்றியமையாதது. குழாய் எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டதோ அந்த இடத்தில் கோன் அதிகம் அசையாமல் குழாய்க் காற்றே பெரும்பங்கு ஒலியைத் தருகிறது. அதற்குக் கீழே போகும்போது பெட்டிக் காற்று கோனைத் தாங்குவதை விட்டுவிட, தடையின்றிப் பாயும் கோன் தன் எல்லையைத் தாண்டி அடிபடுகிறது. சப்சானிக் ஃபில்டர் இந்த ஆழத்தை வெட்டிவிடுகிறது. மேலே கணக்கிட்ட 36 ஹெர்ட்ஸ் பெட்டிக்கு அதை 28 முதல் 30 வரை வைப்பது பாதுகாப்பானது. முழுதும் மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்றே கோனை எப்போதும் பிடித்துக்கொண்டிருப்பதால் இத்தனை கவலை இல்லை. எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்பதை முன்கூட்டியே கணக்கிட உதவும் அளவைகள், ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட ஆய்விலிருந்தும் அதை 1970-களில் விரிவாக்கிய ரிச்சர்ட் ஸ்மாலின் கட்டுரைகளிலிருந்தும் வந்தவை; ஸ்பீக்கருடன் வரும் தாளில் இந்த எண்கள் அச்சிடப்பட்டிருக்க, பலகை மிச்சமிருந்த அளவுக்குப் பெட்டி அடிக்கும் தச்சு வேலை இன்னும் ஒழிந்தபாடில்லை.

எல்லாத் திருகுகளிலும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கெயின். அது ஒலியளவைக் கூட்டும் திருகு அன்று. ஹெட் யூனிட் எத்தனை வோல்ட் அனுப்பும்போது ஆம்பிளிஃபயர் தன் முழுத்திறனை எட்ட வேண்டும் என்று இரண்டையும் பொருத்தும் திருகு. ஒரு ஹெட் யூனிட் 2 வோல்ட் தரும், மற்றொன்று 4 வோல்ட் தரும். கம்பெனி ஸ்டீரியோவில் தனி வெளியீடே இல்லாமல் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சமிக்ஞையை எடுக்க நேர்ந்தால் அது அதைவிடவும் கூடும். கெயினை முழுதும் திருப்பி வைத்தால் வாட் எதுவும் கூடப்போவதில்லை; ஹெட் யூனிட்டின் வால்யூம் கால்வாசியைத் தொடும்போதே ஆம்பிளிஃபயர் தன் எல்லையில் முட்டி, அலையின் முகடுகளைத் தட்டையாக வெட்டத் தொடங்குகிறது என்பதே விளைவு. கிளிப்பிங் எனப்படும் இந்நிலையில் வளைந்த அலை சதுர அலையை நெருங்க, அதே உயரமுள்ள சீரான அலையைவிட இருமடங்கு வரை ஆற்றல் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலுக்குள் வெப்பமாக இறங்குகிறது. காயிலின் செம்பு 200 பாகை சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும்; 4 ஓம் ஸ்பீக்கர் 7 ஓம் ஸ்பீக்கராக மாறி ஒலி சோர்ந்துபோக, பாட்டு மெலிகிறது என்று எண்ணி வால்யூம் மேலும் ஏற்றப்படும்போது வார்னிஷ் கருகும் வாடை வருகிறது.

கெயினைச் சரியாக வைக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஹெட் யூனிட்டில் பேஸ், டிரபிள், லௌட்னஸ் அனைத்தையும் சுழியில் நிறுத்தி, ஆம்பிளிஃபயரின் பேஸ் பூஸ்ட்டையும் அணைத்து, கெயினைக் கீழ் எல்லைக்குத் திருப்பி, சப்ஊஃபர் ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும். பிறகு 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஹெட் யூனிட்டின் வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றி, ஆம்பிளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் மாறுமின்னழுத்தத்தை அளந்தவாறே கெயினை மெல்லத் திருப்ப வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு: வேண்டிய வாட்டை ஓமால் பெருக்கி அதன் வர்க்கமூலத்தைக் காண்பது. 4 ஓம் சப்ஊஃபருக்கு 300 வாட் எனில் பெருக்கல் 1200, வர்க்கமூலம் 34.6, மீட்டர் 34.6 வோல்ட் காட்டும் இடத்தில் கை நின்றுவிட வேண்டும். அதே 300 வாட் 2 ஓமில் என்றால் 24.5 வோல்ட். இங்கே எடுத்துக்கொள்ள வேண்டிய வாட், அட்டைப்பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் மின்னும் மேக்ஸ் பவர் அன்று, தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவு. சிஇஏ-2006 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி 14.4 வோல்ட்டில், ஒரு சதவீதச் சிதைவுக்கு மிகாமல் அளக்கப்பட்டது என்ற குறிப்பு இருந்தால் அந்த எண்ணை நம்பலாம். பேஸ் பூஸ்ட் திருகு மீண்டும் சுழியிலேயே இருக்கட்டும், ஏனெனில் அதை 6 டெசிபல் ஏற்றினால் அந்த அதிர்வெண்ணில் ஆம்பிளிஃபயர் நான்கு மடங்கு வாட் தர வேண்டியிருப்பதால் இவ்வளவு நேரம் செய்த அளவீடு பொருளற்றதாகிவிடும்.

மின்சாரப் பக்கத்தில் சுருக்கமாகச் சொல்லத்தக்கவை சில. 500 வாட் தரும் கிளாஸ் டி வகை ஆம்பிளிஃபயர் 80 சதவீதத் திறனுடன் இயங்கினால் பேட்டரியிலிருந்து 45 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய ஒயரில் அது பாதி வழியிலேயே சூடாக வீணாகும். 4 கேஜ் அளவுள்ள, அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதாக அல்லாமல் முழுச் செம்பாலான கேபிளே இதற்கு ஏற்றது. பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தாக வேண்டும், ஏனெனில் அது காப்பது ஆம்பிளிஃபயரை அன்று, தகட்டில் உரசி மேலுறை கிழிந்தால் தீப்பற்றக்கூடிய கேபிளைத்தான். எர்த் ஒயர் குட்டையாக, பெயின்ட் சுரண்டிய வெற்றுத் தகட்டில் போல்ட் முடுக்கிப் பதிக்கப்பட வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் அதைச் செருகும் சோம்பலால் பாதுகாப்பும் போகிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஊளையும் எழுகிறது.

ஆம்பிளிஃபயரை எங்கே வைப்பது என்பது திருநெல்வேலியின் வெயிலையும் வெள்ளத்தையும் பொறுத்தது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகையை எட்டக்கூடும் என்பதால், இருக்கைக்கடியில் மிதியடியால் மூடப்பட்ட ஆம்பிளிஃபயர் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வெப்பப் பாதுகாப்புக்குள் போய் நின்றுவிடுகிறது. வெள்ளத்தின் பாடம் அதைவிடக் கடுமையானது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாக, தாமிரபரணி கரைகடந்து திருநெல்வேலி சந்திப்புப் பகுதி வரை புகுந்தபோது, காருக்குள் ஏறும் நீர் முதலில் தொடுவது இருக்கைக்கடியைத்தான் என்பது தெளிவாயிற்று. பின்னிருக்கையின் முதுகிலோ டிக்கியின் பக்கச் சுவரிலோ காற்றோட்டத்துடன் ஏற்றிப் பதிப்பது இரண்டுக்கும் விடையாகும். பெட்டிக்கும் இது பொருந்தும். ஒருமுறை நனைந்த எம்டிஎஃப் பலகை ஊதி மூலை பிரிந்துவிட, மரைன் பிளைவுட் அப்படி ஆவதில்லை.

கடை வாசலில் எஞ்சின் அணைந்த நிலையில் அருமையாகக் கேட்ட தாழ்ஒலி, நாற்கரச் சாலையில் நாங்குநேரியைத் தாண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் காணாமல் போவதாகப் பலர் குறைகூறுவதுண்டு. டயர் உரசலும், பணகுடிக்குத் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றின் அறைதலும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களிலேயே இருப்பதால் அவை இசையின் அதே பகுதியை மூழ்கடிக்கின்றன. பழுது எதுவும் இல்லை. இதற்காகக் கெயினை ஏற்றினால் அதே கார் இரவில் ஊருக்குள் நுழையும்போது வீட்டு ஜன்னல்கள் அதிரும்.

ஜன்னல் அதிர்வதைச் சட்டத்தின் அளவுகோல் முழுதாகப் பிடிப்பதில்லை என்பது கவனிக்க வேண்டிய ஒன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பிட்டு, மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்க இடம் தருகின்றன. பள்ளி கல்லூரிகள் நெருங்கிய பாளையங்கோட்டையில் அப்படி அறிவிக்கத்தக்க தெருக்கள் பல. ஆனால் இவ்வளவுகள் மனிதக் காதின் இயல்பை ஒட்டி ‘ஏ’ எடையிட்ட டெசிபலில் கணக்கிடப்படுவதால் 50 ஹெர்ட்ஸ் ஒலி உள்ளதைவிட 30 டெசிபல் குறைவாகவே பதிவாகிறது: கருவியில் 50 என்று காட்டும் அதிர்வு உண்மையில் 80 டெசிபல் அழுத்தத்தோடு சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும். சுவரும் கண்ணாடியும் கீச்சொலியைத் தடுப்பதுபோல் தாழ்ஒலியைத் தடுப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பாட்டின் சொல் ஒன்றும் கேட்காமல் அடி மட்டும் படுக்கையறைக்குள் வந்து விழுவதன் காரணம் விளங்கும்.

நெடுஞ்சாலையின் இரைச்சலை மீறுதல், ஊருக்குள் அடக்குதல் ஆகிய இவ்விரு தேவைகளுக்கும் சேர்த்துப் பெரும்பாலான மோனோ ஆம்பிளிஃபயர்களோடு ஒரு சிறிய பேஸ் நாப் நீண்ட ஒயருடன் தரப்படுகிறது; பலர் அதைப் பெட்டியிலிருந்தே எடுப்பதில்லை. கெயினை அளக்கும்போது இந்த நாப் முழு அளவில் இருந்தால், அதன்பின் அதை எப்படித் திருப்பினாலும் அளந்த எல்லையைத் தாண்ட வழியில்லை. ஸ்டீரியோவுக்குக் கீழே கைக்கெட்டும் இடத்தில் அதைப் பதித்துவிட்டால், நாற்கரச் சாலையில் ஏற்றவும், கேடிசி நகர் வந்து ஊருக்குள் நுழைந்ததும் இறக்கவும், நால்வர் பயணமாகக் குற்றாலத்துக்குப் போகும் நாளில் பைகள் குழாய் வாயை அடைத்துக்கொண்டு ஒலி மாறும்போது சற்றே குறைத்துக்கொள்ளவும் அது ஒன்றே போதுமானது. டிக்கியைத் திறந்து ஆம்பிளிஃபயரின் திருகுகளை மறுபடி தொட வேண்டியிருக்காது.